ஒன்றரை மணித்தியாலம்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட தலைமன்னார் இரவு ரயில் மருதானையைக்கூடத் தாண்டவில்லை. எதிர்ச் சீட்டுக் குடும்பம் றோல்ஸ் பொதியைப் பிரித்துவிட்டது. பொரித்த எண்ணெய், மிளகு, மீன் எல்லாம் சேர்ந்த மணம். முந்தியென்றால் வாயூறியிருக்கும். இப்போது தொண்டைக்குள் ஏதோ புரண்டு எழும்பியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளைத்தாச்சியோ மகள்?" என்று கேட்டார் அந்தக் குடும்பத்து ஆச்சி.

நாற்பத்தாறு வயதில் இந்தக் கேள்விக்குச் சிரிப்பதா முறைப்பதா? "இல்லை ஆச்சி, எனக்குப் பாண் ஒத்துவராது. கோதுமை மா சேர்ந்த ஒண்டும் ஏலாது."

"நீர் இப்ப ஒண்டும் சாப்பிடேல்லையே. பிறகென்னத்துக்கு ஓங்காளிக்குது?"

ஏழு மாதமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஆச்சி அரை நிமிடத்தில் கேட்டுவிட்டு, றோல்ஸைக் கடித்துக்கொண்டே நித்திரையாகிவிட்டார்.

இரண்டு வருடமாகக் குமட்டலும் களைப்பும் குருதிச்சோகையுமாக அலைந்தபின்தான் எனக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. இரும்புச்சத்துக் குளிசையை எவ்வளவு விழுங்கினாலும் குருதியில் இரும்பு ஏறவில்லை. ஒரு வைத்தியருக்குச் சந்தேகம் வந்து, குருதியில் ஒரு பிறபொருளெதிரியைத் தேடச் சொன்னார். பிறகு வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் துணுக்கு எடுத்தார்கள். வெல்வெட் துணியின் மயிர்போல நிமிர்ந்து நிற்கவேண்டிய சடைமுளைகள், சவரம் செய்ததுபோல மட்டமாகக் கிடந்தனவாம். கோதுமையிலும் பார்லியிலும் றை தானியத்திலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பு அதை எதிர்க்கப் புறப்பட்டுத் தன் குடலையே அடித்துக்கொள்கிறது. இதற்குக் குளிசை கிடையாது. மாவை விடுவதுதான் மருந்து.

விட்டேன். களைப்பு மெல்ல விலகியது. முகத்தில் குருதி வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். குமட்டல் மட்டும் வாடகை கொடுக்காத குடியிருப்பாளன்போல அசையவில்லை. பயணத்துக்கு முந்திய கிளினிக்கில் வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "பிறபொருளெதிரி குறைஞ்சிருக்கு, ஆனா போகேல்லை. எங்கேயோ இன்னும் மா போகுது" என்றார். சோயா சோஸை எறிந்தாயிற்று. மா சேர்த்துக் கட்டியாக்கிய பெருங்காயமும் மோல்ட் கலந்த சத்துமாப் பானமும் வீட்டைவிட்டுப் போய்விட்டன. பாண் வாட்டும் தட்டுக்கூட வேறு. இனி எங்கே தேடுவது? வளர்ந்தவர்களின் குடல் ஆற ஆறு மாதமும் எடுக்கும், இரண்டு வருடமும் எடுக்கும், அதற்கு மேலும் எடுக்கும் என்று ஆறுதல்போல ஒன்றைச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் பிரட்டியது. வேறொன்றும் எழுதுவதில்லை.

பேசாலையில் இருக்கும் பெரியம்மாவைப் பார்த்து நாலு வருடம். அதுதான் பயணத்துக்குச் சொன்ன காரணம். சொல்லாத காரணம், கொழும்பில் ஒவ்வொரு வீட்டிலும் "ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் செத்தா போவீர்?" என்ற பேச்சுக் கேட்டுச் சலித்திருந்தேன். மன்னாரில் மீனும் சோறும் பனையும். அங்கே என்ன ஆபத்து வரப்போகிறது என்று நினைத்தேன்.

மதவாச்சியில் ரயில் வடமேற்கே பிரிகிறது. செட்டிகுளம், மடு வீதி, முருங்கன். திருக்கேதீச்சரம் தாண்டியதும் நிலம் சட்டென்று முடிந்துபோய் இரண்டு பக்கமும் தண்ணீர். மாசி மாதம். விடியல் வெளிச்சத்தில் தூரத்தே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. ரயில் கிட்டப் போகப் போக அது கால் முளைத்துப் பூநாரைக் கூட்டமாயிற்று. வங்காலைப் பறவைகள் சரணாலயத்தின் நீர்ப்பரப்பு இது. 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆச்சி எழும்பியிருந்தார். "கொக்குத்தானே" என்றார், அலட்சியமாக. மன்னார்த் தீவுக்காரருக்குப் பூநாரையும் கழுதையும் ஒன்றுதான். இரண்டும் நினைத்த இடத்தில் நிற்கும்.

அந்த நேரத்தில் நான் ஒரு பிழை செய்தேன். வெறும் வயிற்றில் எடுத்தால் நன்றாக ஏறும் என்று இரும்புக் குளிசையை விழுங்கினேன். மன்னார் நிலையத்தில் இறங்கி ஓட்டோவில் ஏறுவதற்குள் குடலைக் கையால் பிடித்து முறுக்கியதுபோல ஒரு பிரட்டல். கொப்பியில் எழுதினேன்: குளிசை 5.50, ஓங்காளம் 6.15.

முதல் இரவு பட்டினத்திலேயே ஒரு சிறு விடுதியில் தங்குவதாக ஏற்பாடு. அங்கே சமைப்பவர் ஐம்பது வயதான ஒரு அக்கா. நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவரிடம் ஒழுங்காகச் சொன்னேன்: பாண் இல்லை, பராட்டா இல்லை, கொத்து இல்லை, நூடில்ஸ் இல்லை. "அப்ப இடியப்பம் தாறன், அது அரிசிமாதானே" என்றார். வெள்ளை வெளேரென்று பத்து இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், பாரை மீன்குழம்பு. ஏழே முக்காலுக்குச் சாப்பிட்டு முடித்தேன். நல்ல சாப்பாடு.

கோட்டைக்கு நடந்தேன். பெருநிலத்திலிருந்து வரும் பாலத்தின் தீவுப்பக்க வாயிலில், கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது மன்னார்க் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நான்கு கொத்தளம், உள்ளே இடிந்த கோயில், முட்பற்றை, நிழலில் மூன்று கழுதை. மதிலேறி நின்றபோது ஒன்பதேகால். வந்தது. றோல்ஸ் மணத்துக்கு வந்ததுபோல மேலோட்டமான அருவருப்பு இல்லை. குளிசையின் முறுக்கலும் இல்லை. உடம்பு முழுவதும் வேர்த்து, காது அடைத்து, வயிற்றின் அடியிலிருந்து அலைபோல ஏறியது. கழுதைகளுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தி எடுத்தேன். அவை கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்றரை மணித்தியாலம். கொப்பியைப் புரட்டினேன். கொழும்பில் எழுதிய பக்கங்களிலும் இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்கு ஒன்பதரைப் பிரட்டல் என்று ஏழெட்டு இடத்தில் இருந்தது. அந்த இரவுகளில் என்ன சாப்பிட்டேன்? இடியப்பம். வேலை முடிந்து வரும் வழியில் கடையில் பார்சல் கட்டிக்கொண்டுவரும் வெள்ளை இடியப்பம். எனக்குப் பாதுகாப்பான சாப்பாடு என்று வீடு முழுக்கச் சேர்ந்து தீர்மானித்திருந்த அதே இடியப்பம்.

மதிலில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வேடிக்கை தோன்றியது. நாங்கள் பாண் என்கிறோமே, அது இந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் சொல். குசினியும் அவர்களுடையது, மேசை, அலுமாரி, நான் சாய்ந்திருந்த ரயில் ஜன்னல் எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். பாண் என்ற சொல்லைத் தந்தவர்களைத் துரத்திக் கோட்டையைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். பாண்தான் இந்த நோயாளரின் எதிரி என்று கண்டுபிடித்தவரும் ஒரு ஒல்லாந்தர்தான், மூன்று நூற்றாண்டு கழித்து. வில்லெம் கரெல் டிக்கெ, ஹேக் நகரத்துக் குழந்தை வைத்தியர். 1930களிலேயே கோதுமையில் சந்தேகப்பட்டு, சீலியாக் பிள்ளைகளுக்கு அதை நிறுத்திப் பார்த்தவர். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம்; மக்கள் துலிப் கிழங்கு அவித்துத் தின்ற காலம். ஊரே மெலிந்துகொண்டிருக்க, இந்தப் பிள்ளைகள் தேறின. பாண் திரும்பக் கிடைத்ததும் மறுபடி விழுந்தன. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன் 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ இந்த நோயைத் துல்லியமாக விவரித்து, குணமாகிறதென்றால் அது உணவால்தான் ஆகும் என்றும் சொல்லியிருந்தார். எந்த உணவென்று தெரிய ஒரு பஞ்சம் வரவேண்டியிருந்தது.

மத்தியானம் விடுதிக்குத் திரும்பி, குசினி வாசலில் நின்று, கோபமில்லாமல் கேட்டேன். "அக்கா, இடியப்பத்துக்கு அரிசிமா மட்டுமோ?"

"ஓம் பிள்ளை. அரிசிமாதான்." ஒரு கணம் யோசித்தார். "கொஞ்சம் அவிச்ச மா போடுறது. இல்லாட்டி உரலில பிழியேக்க அறுந்து அறுந்து விழும். வெள்ளையாயும் வராது."

"அவிச்ச மா எண்டால்?"

"மாதான். கோதுமை மா." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயில் கைவைத்தார். "ஐயோ, அதுவும் கூடாதோ? அதை நாங்கள் அவிச்சுப் போட்டுத்தானே அரிக்கிறது!"

அவித்தால் நஞ்சு போய்விடும் என்று அவர் நினைத்ததில் தவறென்ன? ஒடியலிலும் மரவள்ளியிலும் அப்படித்தானே செய்கிறோம். அவித்தாலும் வறுத்தாலும் குளூட்டன் போகாது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் எங்கே படிப்பது? ஆனால் எனக்கு உண்மையில் வியப்பாக இருந்தது வேறொன்று. எங்கள் பேச்சில் அரிசிமா, ஒடியல்மா, குரக்கன்மா, உளுத்தம்மா என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. வெறுமனே "மா" என்றால் கோதுமை. பெயர் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. பெயர் சொல்லாததால் கேட்பவர் காதிலும் விழுவதில்லை. நான் இல்லை, இல்லை என்று ஒப்புவித்த பட்டியலில் பாண் இருந்தது, பராட்டா இருந்தது. மா இல்லை.

அன்றைக்கு மாலை வரை தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டு வாய் வாயாகக் குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நிறையக் குடித்தால் திரும்பி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்றால் நிற்கும். இரவு, அக்கா தானாகவே சிவப்பரிசிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். கஞ்சிக்குள் அரிசி, தண்ணீர், உப்பு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கோப்பையை வைத்தார். சத்தியம் பண்ணுகிற குரல். பால்தேத்தண்ணி வேண்டுமா என்றும் கேட்டார். அதற்கும் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. பாலிலுள்ள சீனியைச் செரிக்கும் நொதியம் சடைமுளைகளின் நுனியில்தான் இருக்கிறது. நுனி தேய்ந்தவருக்குப் பால் கொஞ்சக் காலம் எதிரி. குடல் ஆறினால் பெரும்பாலும் திரும்பிவரும். இஞ்சி இடித்துப் போட்டு ஒரு பிளேன்ரீ மட்டும் கேட்டேன்.

ஏன் அந்த ஒன்றரை மணித்தியாலம் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2019இல் வெளியான ஒரு ஆய்வில், சீலியாக் நோயாளருக்குக் குளூட்டன் கொடுத்து அடுத்தடுத்துக் குருதி எடுத்துப் பார்த்தார்கள். சில மணித்தியாலத்துக்குள் இன்டர்லூக்கின்-2 என்ற அழற்சித் தூதுப்பொருள் குருதியில் எகிறுகிறது. அது எவ்வளவுக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்குக் குமட்டலும் சத்தியும். வயிறு சரியில்லை என்று நாங்கள் நினைப்பது, உள்ளபடி பார்த்தால், உடம்பின் காவல்காரர் கத்துகிற சத்தம். எவ்வளவு மாவுக்குக் கத்தும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. குடலைக் கெடுக்காத அளவு என்று பொதுவாகச் சொல்வது ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன். ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ இரண்டு கிராம் இருக்கும். அந்தத் துண்டை இருநூறாகக் கிள்ளினால் ஒரு கிள்ளு. இடியப்பத்தில் "கொஞ்சம்" என்பது எத்தனை கிள்ளு?

அடுத்த நாள் காலை அண்ணா, பெரியம்மாவின் மூத்த மகன், ஓட்டோவில் வந்தார். போகிற வழியில் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காட்டினார். சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர்தான். அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். மரமென்று சொல்ல மனம் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்ட யானை. தீவில் வந்தேறாதது எது என்று யோசித்துக்கொண்டே போனேன். பெருக்கமரம் வந்தது, கழுதை வந்தது, பாண் வந்தது. பனை மட்டும் இங்கேயே இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பேசாலைக் கரையில் இறங்கியதும் கருவாட்டு மணம் மூக்கில் அடித்தது. சிறுவயதில் விடுமுறையென்றால் அந்த மணம்தான். இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இந்தக் குமட்டலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நொடி. சாப்பிடவே இல்லை, தொடவே இல்லை, மணந்தவுடனே வருவது. இரண்டு வருடம் சாப்பிட்ட பிறகெல்லாம் பிரட்டியதால், இப்போது சாப்பாட்டைக் கண்டாலே மூளை முந்திக்கொள்கிறது. சூடு கண்ட பூனை. மருந்துக்குக் கேட்டால் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று பூனைக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ரயிலில் ஆச்சி கேட்ட கேள்விக்கு இது பாதி விடை.

பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு. கட்டிப்பிடித்து அழுது முடித்தவுடன் அடுத்த பேச்சு: "என்ன பிள்ளை, எலும்பாய்க் கிடக்கிறாய். புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன்."

இதுதான் எனக்குப் பயம். வைத்தியர் சொன்னதைக் கடைப்பிடிப்பது பெரிய வேலையில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளைக்கு விடியக்காலை எழும்பி அவித்த புட்டை வேண்டாம் என்பது, அதுவும் "அதுக்குள்ள என்ன மா?" என்று பொலிஸ்காரன்போலக் கேட்பது, அது வேலை. கொழும்பில் எத்தனையோ வீடுகளில் கேட்காமல் சாப்பிட்டிருக்கிறேன். வயிறு தாங்கும், முகம் தாங்காது.

கேட்டேன். பெரியம்மா கோபிக்கவில்லை. "பாதிக்குப் பாதி," என்றார், வெளிப்படையாக. "முந்தி முழுக்க அரிசிமா. அமெரிக்கன் மா வந்தபிறகுதான் இந்தக் கலப்பு. மெதுவாய் இருக்குமெல்லே."

கோதுமை மாவுக்கு ஊரில் பழைய பெயர் அதுதான், அமெரிக்கன் மா. கப்பலில் வந்த உதவி மூட்டைகளின் காலத்துப் பெயர். பிறகு 1980 வாக்கில் திருகோணமலையில் பிரைமா ஆலை வந்து, தீவு முழுவதற்கும் அங்கேயே கோதுமை அரைபடத் தொடங்கியது. ஆனால் பெரியம்மாவின் கணக்கில் திருப்பம் 1990. அந்த வருடம் சண்டை மூண்டு சனம் சிதறியது. தீவின் முஸ்லிம் சனங்கள் ஐப்பசியில் ஒரேயடியாகத் துரத்தப்பட்டுப் புத்தளப் பக்கம் போனார்கள். ஐ.நா. அகதிகள் நிறுவனம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. பெரியம்மா மடுவில் இரண்டு வருடம், மாதா கோயிலைச் சுற்றிய காட்டுக்குள் ஓலைக் கொட்டிலில்.

"அரிசியும் தருவாங்கள், மாவும் தருவாங்கள். அரிசி கெதியில முடிஞ்சிடும். மா கிடக்கும். காலமை ரொட்டி, மத்தியானம் ரொட்டி, பின்னேரம் ரொட்டி வேண்டாமெண்டு பிள்ளையள் அழ, புட்டு. உன்ர அண்ணா அந்த மாவிலதான் வளந்தவன்." அண்ணா சிரித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மா இல்லையென்றால் ஆகியிருக்கும்.

எனக்கு மட்டும் ஏன் என்று அண்ணா கேட்டார். பரம்பரை அலகுகளில் ஒரு சோடி உண்டு. அது இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் நோய் வரும், இல்லாதவருக்கு வருவது அபூர்வம் என்றேன். இந்தியாவில் மூன்று பகுதிகளில் 23,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ஒரு ஆய்வு 2016இல் வந்தது. வடக்கே அந்தப் பிறபொருளெதிரி 1.23 வீதமானோரிடம், தெற்கே, வேலூர்ப் பக்கம், 0.10 வீதம். அலகுகளில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் கோப்பையில்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், தெற்கே 25 கிராம். சோறு எங்களைக் காத்துக்கொண்டிருந்தது என்று அதற்குப் பொருளா? அப்படித்தான் நான் வாசித்தேன். அப்படியானால் புட்டுப்பானைக்குள்ளும் இடியப்ப உரலுக்குள்ளும் மா ஏறிக்கொண்டிருக்கும் இந்த நாட்டில் என்னைப்போல இன்னும் எத்தனை பேர் இரும்புக் குளிசை விழுங்கிக்கொண்டிருப்பார்களோ. பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கில் அக்கறையில்லை. "உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சிறன்" என்று எழும்பிவிட்டார்.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்குப் பச்சை ஒடியலை இடித்த மா. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து வடித்துக் கசப்பெடுக்கவேண்டும். பெரிய பானையில் கொஞ்சம் அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு; அண்ணா கரையிலிருந்து கொண்டுவந்த நண்டும் றாலும் இரண்டு மீன்தலையும். செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் புளியும் பிறகு. கடைசியில் ஒடியல்மாக் கரைசலை ஊற்றிக் கிண்டினால் தடிக்கும். நான் முக்காலியில் இருந்து ஒவ்வொன்றும் போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அகப்பையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார், சுங்கத்தில் பெட்டி திறந்து காட்டுவதுபோல. "ஒடியல் எங்க இடிச்சது?" என்று கேட்டேன். "எங்கட உரலில." அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்துத் தந்தார். உறைப்பு அதிகம், ஆறாத குடலுக்கு உறைப்பு உகந்ததில்லை என்று தெரியும். அரைப் பிளாவுடன் நிறுத்தினேன். அண்ணா ஐந்து பிளா குடித்தார். மணி பன்னிரண்டரை. இரண்டு மணி ஆகும்வரை திண்ணையில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். காற்றில் பனையோலை உரசியது. நடுக்குடாப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. 2020 முடிவில் திறந்த முப்பது காற்றாலையில் எத்தனை தெரிகிறது என்று எண்ணினேன். இரண்டேகாலுக்கு நித்திரையாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு மாதமாக நான் நன்மை எடுக்கவில்லை. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. கோதுமையால்தான் ஆகவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். குளூட்டன் முற்றாக எடுத்த அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2003இலும், மறுபடி 2017இலும் எழுதியது. அதுவும் ஏலாதவர் திராட்சை இரசத்தை மட்டும் அருந்தலாம். கொழும்பில் கேட்க வெட்கமாக இருந்தது. இடியப்ப விசாரணையால் கொஞ்சம் தைரியம் வந்திருந்ததால், பூசைக்கு முந்தி சுவாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைவிட விவரமாக இருந்தார். பெரிய கிண்ணத்துக்குள் பூசைநேரத்தில் அப்பத்தின் ஒரு துணுக்கு போடப்படும், ஆகவே உங்களுக்கு அது சரிவராது, தனியாக ஒரு சின்னக் கிண்ணம் வைக்கிறேன் என்றார். பத்து மில்லிகிராம் கணக்கை இத்தனை மென்மையாக யாரும் எனக்குப் போட்டதில்லை. வரிசையில் நின்றபோது பின்னால் ஒருத்தி "ஏன் அவவுக்கு மட்டும் வைன்?" என்று கிசுகிசுத்தது கேட்டது. பெரியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் கிசுகிசுப்பு நின்றது.

பின்னேரம் தலைமன்னார் இறங்குதுறை. 1914இல் தொடங்கிய பாதை: சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியில் கப்பல், இங்கே மறுபடி ரயில். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. 1990இல் யுத்தம் இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைத் தின்றது. 2015 மார்ச்சில்தான் ரயில் திரும்பத் துறைவரைக்கும் வந்தது. துருப்பிடித்த பழைய இரும்புத் தூண்களைக் காட்டி, தாத்தா சின்ன வயதில் கப்பலில் இராமேசுவரம் போகும்போது கரை காணும்வரை சத்தி எடுத்த கதையைப் பெரியம்மா சொன்னார். "உனக்கு அவற்ற வயிறுதான்." இருக்கலாம். கடற்பிரட்டலுக்கும் என் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாதாடவில்லை.

இரவு ரயிலுக்குப் பெரியம்மா பொதி கட்டித் தந்தார்: சிவப்பரிசிமாப் புட்டு, கட்டிச் சம்பல், பொரித்த சூடை மீன். அரிசியை ஊறவைத்து, தன் கையால் இடித்து, தனிச் சட்டியில் வறுத்ததாம். பழைய சட்டியில் கோதுமை மா வறுத்திருப்பேன் என்று அதைத் தொடவேயில்லை என்றார். இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னொரு சின்னப் பையில் ஒடியல், இஞ்சித் துண்டு. இரும்புக் குளிசையைச் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், ஒன்றுவிட்ட ஒருநாள் எடுத்தால் போதுமா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும், இடியப்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், மூன்று மாதத்தில் பிறபொருளெதிரியை மறுபடி பார்க்கச் சொல்லவேண்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

முருங்கனில் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டேன். எட்டுக் கவளம். எதிர்ச் சீட்டில் யாரும் இல்லை. ஜன்னல் மூடியிருந்தது; வெளியே இருட்டு. மடு வீதி நிலையத்தின் விளக்கு வந்து போயிற்று. செட்டிகுளம் கிட்டும்போது லேசாகப் பிரட்டியது. மணிக்கூட்டைப் பார்த்தேன். சாப்பிட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

புட்டு இல்லை. ரயில். இஞ்சித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலைத் தூக்கினேன்.